நீள ஊதினால் படுக்க வேண்டும்

என் குரல் போனது கழுத்தில் செய்த ஆபரேஷனில். தைராய்டு கட்டி. எடுக்கும்போது சிலருக்குக் குரல் நரம்பில் பட்டுவிடும் என்று முன்னாலேயே சொல்லித்தான் கையெழுத்து வாங்கினார்கள். யாருக்கோ ஆவது நமக்கா ஆகப்போகிறது என்று போட்டுக் கொடுத்தேன். கட்டுப் பிரித்த பிறகு வாயைத் திறந்தால் சைக்கிள் டியூபிலிருந்து காற்று இறங்குவது மாதிரி ஒரு சத்தம் வந்தது. காதைக் கிட்டத்தில் கொண்டுவந்தால் கேட்கும். ஒரு ஆள் தள்ளி நின்றால் கேட்காது.

வீட்டுக்குள் அது போதுமாக இருந்தது. நானும் என் வீட்டுக்காரரும் இரண்டே பேர். பெண்ணை ஆர்.கே.பேட்டைப் பக்கம் கட்டிக்கொடுத்து அனுப்பியாகிவிட்டது. சொல்ல வேண்டியதைக் கிசுகிசுப்பேன். அவருக்குப் புரியவில்லை என்றால் நோட்டில் எழுதிக் காட்டுவேன். பத்தாவது வரைக்கும் படித்தது அப்படி ஒரு உபயோகத்துக்கு வந்தது. ஆனால் எங்களிடம் ஆடு இருந்தது. நாற்பதுக்கு மேல் செம்மறி. அவர் ரோலிங் மில்லில் காண்ட்ராக்ட் ஆள், வாரத்துக்கு ஒரு ஷிப்டு மாறும். அதனால் கல்யாணம் ஆகி வந்த நாளிலிருந்து ஆடு என் பொறுப்பு.

ஆடு கோலைப் பார்த்து நடக்காது. குரலைக் கேட்டுத்தான் நடக்கும். எனக்கு அந்தக் காலத்தில் நல்ல தொண்டை. ஏரியின் அந்தக் கரையில் இருந்து நான் ஹேய் என்றால் இந்தக் கரையில் மேய்கிற கிடா தலையைத் தூக்கும். ஆபரேஷனுக்குப் பிறகு முதல் தடவையாக ஆட்டை ஓட்டிக்கொண்டு போன அன்றைக்கு, நான் வாயைத் திறந்து திறந்து மூடுவதைப் பார்த்துவிட்டு அவை பாட்டுக்கு மேய்ந்தன.

எங்கள் ஊர் புதுவாயல் கூட்டு ரோட்டிலிருந்து உள்ளே இரண்டு கிலோமீட்டர். மேய்ச்சல் என்றால் ஏரி உள்வாய், அறுத்த கழனி, அப்புறம் கம்பெனிகளுக்கு நடுவே கட்டடம் வராமல் கிடக்கிற காலி ப்ளாட்டுகள். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போக லாரி ஓடும் ரோட்டைத் தாண்டித்தான் ஆக வேண்டும். குரல் இல்லாமல் அதைச் செய்த முதல் மாதத்திலேயே ஒரு ஆட்டுக்குட்டி மூடி இல்லாத கால்வாயில் விழுந்தது. விழப்போவதை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். முப்பதடி தூரம். கத்தினேன். காற்றுதான் வந்தது. ஓடிப்போய்ச் சேருவதற்குள் கறுப்புத் தண்ணீரில் அதன் காது மட்டும் தெரிந்தது.

அன்றைக்கு என் ஓரகத்தி வந்து உட்கார்ந்து சொன்னாள். "வித்துடு. உன்னால இனிமே ஆவாது. ஊமச்சி ஆடு மேய்க்க முடியுமா?"

ஊமைச்சி என்று அவள் சொன்னது வலிக்கவில்லை. ஆவாது என்றதுதான் வலித்தது.

என் வீட்டுக்காரர்தான் போனில் அந்த வீடியோவைக் காட்டினார். மில்லில் யாரோ அனுப்பியது. ஏதோ குளிர் தேசம், பச்சை மேடு. ஒரு ஆள் வாயில் எதையோ வைத்து ஊதுகிறான். அரை மைல் தூரத்தில் கறுப்பு வெள்ளை நாய் ஒன்று ஆட்டு மந்தையை வளைத்துக்கொண்டு வருகிறது. ஊதினால் படுக்கிறது. ஊதினால் எழுகிறது. அந்த ஆள் வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசவில்லை.

"பாத்தியா? அவனுக்கும் தொண்ட இல்ல போலகீது" என்று சிரித்தார். அவருக்கு அது வேடிக்கை. நான் போனை வாங்கி அதையே பத்துப் பதினைந்து தடவை பார்த்தேன்.

மறுநாள் கும்மிடிப்பூண்டி பஜாரில் விளையாட்டுச் சாமான் விற்கிற கடையில் ஒரு விசில் வாங்கினேன். உள்ளே குண்டு உருள்கிற பிளாஸ்டிக் விசில். கடைக்காரர் ஸ்கூலில் பி.டி. மாஸ்டருக்கா என்று கேட்டார். தலையாட்டிவிட்டு வந்தேன். கழுத்தில் மாட்டிக்கொண்டால் அதன் கயிறு தாலிக் கயிற்றோடு முறுக்கிக்கொள்ளும். குளிக்கும்போதெல்லாம் பிரிக்க வேண்டும். ஊதுவதும் லேசாக இல்லை. குரல் நரம்பு போனவளுக்கு மூச்சு நிற்காது, ஒழுகும். ஒரு நீள ஊதல் ஊதிவிட்டு இரண்டு நிமிஷம் உட்கார வேண்டியிருந்தது.

நாயைத் தேடிப் போகவில்லை. கூட்டு ரோட்டு டீக்கடைக்குப் பின்னால் கிடந்த ஒரு பெட்டை. செம்பட்டை நிறம், நெஞ்சில் கொஞ்சம் வெள்ளை, ஒரு வயது இருக்கும். மற்ற நாய்கள் ஆட்டைக் கண்டால் குரைக்கும் அல்லது ஓடும். இது குரைக்காமல் தலையைத் தாழ்த்தி ஆட்டையே பார்த்துக்கொண்டு நின்றது. டீக்கடைப் பொறை ரொட்டி ஒன்று வாங்கிப் பிய்த்துப் போட்டுக்கொண்டே வீடு வரைக்கும் கூட்டிவந்துவிட்டேன். அதற்குப் பேர் வைக்கவில்லை. வைத்து என்ன, என்னால் கூப்பிட முடியாது.

எந்த விசிலுக்கு என்ன அர்த்தம் என்று யோசித்தபோது எனக்குத் தெரிந்த விசில் பாஷை ஒன்றுதான். எங்கள் பக்கத்தில் காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருப்பது. கம்பெனி கேட்டில் லாரி பின்னால் வரும்போது வாட்ச்மேன் குட்டைக் குட்டையாக ஊதிக்கொண்டே இருப்பார், வரலாம் வரலாம் என்று. நீளமாக ஒன்று ஊதினால் நிறுத்து. அதையே எடுத்துக்கொண்டேன். குட்டைக் குட்டையாக ஊதினால் ஆட்டை முன்னால் தள்ளு. நீள ஊதினால் இருக்கிற இடத்திலேயே படு. ஒரு குட்டை ஒரு நீளம் சேர்த்து ஊதினால் எல்லாவற்றையும் விட்டுவிட்டு என்னிடம் வா. இந்த மூன்றும் போதும் என்று முடிவு செய்தேன். அது எப்படிப்பட்ட முடிவு என்று அப்போது தெரியவில்லை.

படு என்பதைக் கற்றுக்கொடுக்கத்தான் நாள் பிடித்தது. மதில் கட்டிய காலி ப்ளாட் ஒன்றில் ஐந்து ஆட்டை மட்டும் விட்டு, நாயின் கழுத்தில் நீளக் கயிறு கட்டி, நீளமாக ஊதி, கையால் முதுகை அமுக்கி உட்காரவைப்பேன். வயிறு தரையில் பட்டதும் பொறை. எழுந்தால் கிடையாது. முதல் வாரம் அது என் கையைப் பார்த்தது. அடுத்த வாரம் பொறையைப் பார்த்தது. அதற்கப்புறம்தான் விசிலைக் கேட்டது. ஒரு நாள் ஆட்டின் காதைக் கடித்துக் கிழித்துவிட்டது. கோபத்தில் கோலால் ஒன்று வைத்தேன். ஓடிப்போனது, இரண்டு நாள் வரவில்லை. மூன்றாம் நாள் டீக்கடைக்குப் பின்னால் போய் நின்று, ஒரு குட்டை ஒரு நீளம் ஊதினேன். குப்பைக்குள்ளிருந்து தலை நீட்டியது. என்னைப் பார்த்தது. வரலாமா வேண்டாமா என்று கொஞ்ச நேரம் நின்றது. பிறகு வந்தது. அதற்குப் பிறகு நான் அதன் மேல் கை ஓங்கியதில்லை.

மூன்று மாதத்தில் மந்தை முழுவதையும் அதன் பொறுப்பில் விட முடிந்தது. ரோட்டோரம் வந்ததும் நாய் பழக்கத்தில் மந்தைக்கு முன்னால் போய்விடும், நான் நீளமாக ஒன்று ஊதுவேன். அங்கேயே படுத்துவிடும், ஒரு ஆடு தாண்டாது. லாரி போனதும் குட்டைக் குட்டையாக ஊதுவேன். சுற்றிப் பின்னால் வந்து தள்ளும். அரை நிமிஷத்தில் மந்தை அந்தப் பக்கம்.

ஊரில் பேச்சு வந்தது. பொம்பளை விசில் அடித்துக்கொண்டு திரிகிறாள் என்று. கூட்டு ரோட்டில் நின்ற பையன்கள் நான் போகும்போது வாயில் விரலை வைத்து ஊதுவார்கள். என் வீட்டுக்காரர்கூட ஒரு தடவை, "மில்லுல கேக்குறானுங்கமே. உன் பொண்டாட்டி ட்ராபிக் போலீஸான்னு" என்றார். அப்புறம் ஒரு நாள் லீவில் என்னோடு வந்தவர், நாய் ரோட்டைத் தாண்டவைத்ததைப் பார்த்தார். வீட்டுக்கு வந்து தன் சாப்பாட்டிலிருந்து ஒரு கறித்துண்டை எடுத்து அதற்குப் போட்டார்.

அப்படி ஒரு வருஷத்துக்கு மேல் ஓடியது.

பிறகு நாங்கள் ரோட்டைத் தாண்டுகிற இடத்துக்கு நேர் எதிரே ஒரு குடோன் கட்டினார்கள். பெரிய ட்ரெய்லர்கள் கண்டெய்னரோடு வந்து பின்பக்கமாக உள்ளே போகும். கேட்டில் ஒரு வாட்ச்மேன் போட்டார்கள். வடக்கத்திக்காரர். நாற்பத்தைந்து வயது இருக்கும். ஒல்லியான ஆள், நீலச் சட்டை அவருக்கு இரண்டு சுற்றுப் பெரியது. தமிழ் தெரியாது. அக்கா, சாப்டியா, தண்ணி என்ற மூன்று வார்த்தைதான். எனக்கும் குரல் கிடையாது. அதனால் எங்கள் இருவருக்கும் பேச்சு ஒத்துப்போனது. எல்லாம் கைதான்.

முதல் நாள் என் கழுத்தில் விசிலைப் பார்த்துவிட்டுத் தன் விசிலைத் தூக்கிக் காட்டிச் சிரித்தார். விளையாட்டுக்குக் குட்டையாக நாலு ஊதினார். ரோட்டோரம் படுத்திருந்த என் நாய் சட்டென்று எழுந்து நின்றது. நான் நீளமாக ஊதிப் படுக்கவைத்தேன். அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், புரிந்துகொண்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அந்த நிமிஷமே நான் மாற்றியிருக்க வேண்டும். புது ஊதல் ஒன்று கற்றுக்கொடுக்க ஒரு மாதம் ஆகுமா? ஆகட்டுமே. மனசில் தோன்றியது. அறுப்பு முடியட்டும், மழை விடட்டும் என்று தள்ளிப்போட்டேன். அதற்குப் பதிலாக அவரோடு ஒரு ஏற்பாடு செய்துகொண்டேன். சாயங்காலம் ஐந்து மணிக்கு மந்தை வரும். நான் கரண்ட் கம்பத்துக்குப் பக்கத்தில் நின்று கோலைத் தூக்கிக் காட்டுவேன். அவர் கையைத் தூக்குவார். விசிலைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு ரோட்டில் வந்து நின்று இரண்டு பக்கமும் லாரியை மறிப்பார். மந்தை தாண்டும். அவர் ஒரு நாளும் தவறவில்லை. சில நாள் நாய்க்கு பிஸ்கட் வைத்திருப்பார். அது என்னைப் பார்க்கும். நான் தலையாட்டினால்தான் வாங்கும். அதில் அவருக்கு ஒரு சந்தோஷம்.

அன்றைக்கு ரேஷனில் அரிசி போடுவதாகச் சொன்னார்கள். நாலு மணிக்குள் போகவேண்டும் என்று ஓரகத்தி காலையிலேயே சொல்லிவிட்டுப் போனாள். அதனால் இரண்டு மணிக்கே மந்தையைத் திருப்பிவிட்டேன். நல்ல வெயில். ஆடுகள் தலையை ஒன்றின் வயிற்றுக்குக் கீழ் ஒன்று விட்டுக்கொண்டு வேண்டாவெறுப்பாக நடந்தன. கம்பத்துக்கிட்டே வந்தபோது ட்ரெய்லர் ஒன்று ரோட்டை அடைத்துக்கொண்டு குறுக்கே நின்றது, பின்பக்கம் குடோன் கேட்டைப் பார்த்து. அதற்கு அந்தப் பக்கம் வாட்ச்மேன் நிற்கிறாரா இல்லையா என்று தெரியவில்லை. நடுவில் கண்டெய்னர்தான் சுவர் மாதிரி. டிரைவர் அந்தப் பக்கத்துக் கண்ணாடியில்தான் பார்ப்பார். நாங்கள் நின்றது இந்தப் பக்கம்.

நீளமாக ஊதினேன். மந்தைக்கு முன்னால் போயிருந்த நாய் அங்கேயே படுத்தது. ட்ரெய்லர் உள்ளே போகட்டும், பிறகு தாண்டலாம் என்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றேன்.

அந்தப் பக்கத்திலிருந்து குட்டைக் குட்டையாக விசில் வந்தது.

அவர் அவருடைய வேலையைச் செய்தார். மணி இரண்டு. நான் அங்கே இருப்பேன் என்று அவருக்குத் தெரிய வழியில்லை.

நாய் எழுந்தது. திரும்பி என்னை ஒரு தடவை பார்த்திருக்கும். நான் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன். விசில் விடாமல் வந்தது. அது சுற்றிப் பின்னால் வந்து தள்ளியது. நான் கையை எடுத்தபோது கிடா ட்ரெய்லருக்குப் பின்னால் இறங்கியிருந்தது. அதன் பின்னால் மற்றவை, அவற்றைத் தள்ளிக்கொண்டு நாய். ட்ரெய்லரும் பின்னால் வந்துகொண்டிருந்தது.

எனக்கு எத்தனை நேரம் இருந்தது என்று தெரியாது. ஒரு மூச்சு நேரம் இருக்கும். அந்த மூச்சில் நான் ஒன்றுதான் ஊத முடியும். என்னிடம் வா என்று ஊதியிருக்கலாம். ஒரு குட்டை, ஒரு நீளம். எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்திருக்கும். ஆடுகள் போயிருக்கும், நாய் இருந்திருக்கும். ஆனால் பயந்தவள் நிறுத்து என்றுதான் சொல்வாள். நான் நீளமாக ஊதினேன். உள்ளே இருந்த காற்றை எல்லாம் வைத்து ஊதினேன்.

அது படுத்தது. ட்ரெய்லரின் பின் சக்கரத்துக்குப் பின்னால், நான் கற்றுக்கொடுத்த மாதிரியே, முன்னங்காலை நீட்டி, மோவாயைத் தரையில் வைத்து, என்னைப் பார்த்துக்கொண்டு.

அதற்குள் அந்தப் பக்கம் முதல் ஆடுகள் வெளியே வந்ததைப் பார்த்து வாட்ச்மேனும் நீளமாக ஊதினார். நான் ஊதியது முடிவதற்குள் அவருடையது ஆரம்பித்தது. இரண்டு விசிலும் படு என்றன. அது அசையவில்லை. டிரைவர் பிரேக் போட்டார். அவ்வளவு பாரம் ஏற்றிய வண்டி உடனே நிற்காது. இன்னும் நாலைந்து அடி வந்துதான் நின்றது.

ஒன்பது ஆடு. நாய்.

நான் போய் உட்கார்ந்தபோது அதற்கு உயிர் இருந்தது. பின்பாதி இல்லை. எழுந்திருக்கப் பார்க்கவில்லை. நான் சொல்லாமல் எழுந்திருக்கக் கூடாது என்று இருந்ததா, முடியவில்லையா என்று எனக்குத் தெரியாது. விசிலை வாயில் வைத்தேன். ஒரு குட்டை, ஒரு நீளம் ஊதிவிடலாம் என்று. மூச்சு வரவில்லை. அதன் தலையில் கை வைத்தேன். கொஞ்ச நேரத்தில் கண் அப்படியே நின்றுவிட்டது.

அரை மணி நேரத்தில் ஊர் கூடிவிட்டது. காலை ஷிப்டு முடிந்த நேரம் என்பதால் என் வீட்டுக்காரரும் மில் ஆட்கள் நாலைந்து பேரோடு வந்துவிட்டார். கேட்டை மறித்து உட்கார்ந்தார்கள். ட்ரெய்லர் சாவியைப் பிடுங்கிக்கொண்டார்கள். டிரைவர் ஆந்திராக்காரர். இரண்டு கையையும் தலைக்கு மேலே கூப்பிக்கொண்டு, "நா தப்பு லேது நைனா, விசில் வச்சிச்சி, வந்தேன். விசில் வச்சிச்சி, வந்தேன்" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

"யாருடா விசில் அடிச்சது?"

எல்லாரும் வாட்ச்மேனைப் பார்த்தார்கள்.

அவர் என்னைக் காட்டி, தன் விசிலைக் காட்டி, நாயைக் காட்டி, கையால் என்னென்னவோ சொன்னார். நான் ஒருத்திதான் அதைப் புரிந்துகொள்ளக்கூடியவள். ஐந்து விரலை விரித்துக் காட்டினார், ஐந்து மணி என்று. பிறகு இரண்டு விரல். பிறகு கண்ணைப் பொத்திக் காட்டினார், தெரியவில்லை என்று. யாரோ அவர் கையைத் தட்டிவிட்டான். இன்னொருவன் விசிலைக் கயிற்றோடு பிடுங்கினான். கயிறு அறுபடவில்லை, அவர் கழுத்தோடு முன்னால் வந்து விழுந்தார்.

"ஆட்டத்தான் கொன்னான்னா, நாய வேற விசிலடிச்சிக் கூப்ட்டுகீறான் பாரு. வேணும்னே பண்ணிகீறான்."

"ஹிந்திக்காரன இட்டாந்து வெச்சா இப்டித்தான். பேசவும் தெரியாது, ஒரு எழவும் தெரியாது."

அடித்தார்கள். கன்னத்தில், முதுகில். பெரிய அடி இல்லை என்று அப்புறம் எல்லாரும் சொல்லிக்கொண்டார்கள். நான் பார்த்தேன். அவர் தடுக்கக்கூட இல்லை. கூட்டத்தின் கால்களுக்கு நடுவிலிருந்து என்னைப் பார்த்தார்.

"அக்கா" என்றார். "போலோ, அக்கா."

சொல்லு என்கிறார் என்பது தெரிந்தது.

ஓரகத்தி என் தோளைப் பிடித்து உலுக்கினாள். "இன்னாதான்மே நடந்திச்சி? கைய காட்டியாவது சொல்லேன்."

என் தோள்பையில் நோட்டும் பேனாவும் இருந்தன. எப்போதும் இருக்கும். எடுத்து மூன்று வரி எழுதியிருக்கலாம். நான் நேரம் மாறி வந்துவிட்டேன். அவருக்குத் தெரியாது. நாய் செத்தது நான் ஊதிய விசிலால். மூன்றே வரி. எழுதத் தெரிந்தவள் நான்.

நான் தொண்டையைத் தொட்டுக் காட்டி, தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினேன். பேச முடியாது என்று. அழுகையும் வந்தது, அது பொய் இல்லை. ஓரகத்தி என்னை இழுத்து மடியில் சாய்த்துக்கொண்டாள். "வுடு, பாவம். வாயில்லாத பொம்பள, அவள போயி இன்னாத்த கேக்கறது" என்று யாரோ சொன்னது கேட்டது.

குடோன் மேனேஜர் வந்தார். ஆடுகளுக்கு ஒரு தொகை தருவதாகவும் வாட்ச்மேனை வேலையை விட்டு அனுப்பிவிடுவதாகவும் ஒத்துக்கொண்டார். அதோடு கூட்டம் கலைந்தது. நாயை ஏரிக்கரையில் என் வீட்டுக்காரர் குழி தோண்டிப் புதைத்தார். அன்றைக்கு அரிசி வாங்கவில்லை.

மறுநாள் காலையில் நான் கூட்டு ரோட்டுக்குப் போனபோது வாட்ச்மேன்களை ஏற்றிப்போகிற காண்ட்ராக்டர் வேன் டீக்கடைக்கு முன்னால் நின்றது. அந்த வாட்ச்மேன் உள்ளே உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு பெயிண்ட் வாளி, அதற்குள் துணி. ஒரு கண் வீங்கியிருந்தது. நான் வேன் பக்கத்தில் போனேன். அவர் பார்த்தார். நான் கையைக் கூப்பினேனா, கூப்ப நினைத்தேனா, இப்போது எனக்கே நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. அவர் முகத்தைத் திருப்பவும் இல்லை, தலையாட்டவும் இல்லை. வேன் கிளம்பிவிட்டது.

மிச்ச ஆடுகளை ஒரு மாதத்துக்குள் விற்றுவிட்டோம். நாய் இல்லாமல் என்னால் ஓட்ட முடியவில்லை, இன்னொரு நாயைப் பழக்க மனசும் இல்லை. ஒரு கம்பெனி கேன்டீனில் தட்டு கழுவும் வேலை கிடைத்தது. அங்கே யாரும் பேசச் சொல்வதில்லை. என்னோடு வேலை செய்கிறவர்கள் பாதிப் பேர் வடக்கத்திப் பெண்கள். அவர்கள் என்னை அக்கா என்று கூப்பிடும்போது எனக்குக் கை நின்றுவிடும்.

நாலு மாதம் கழித்து ஒரு நாள் லீவு போட்டுவிட்டு, வாட்ச்மேன்களை அனுப்புகிற ஆபீசைத் தேடிக்கொண்டு பஸ் பிடித்துக் காக்களூர் போனேன். பட்டறைகளுக்கு நடுவில் ஒரு மாடி அறை. மேஜைக்குப் பின்னால் இருந்தவரிடம் நோட்டை நீட்டினேன். அந்தக் குடோன், அந்த மாதம், அந்த ஆள் இப்போது எங்கே இருக்கிறார், அவர் மேல் தப்பில்லை என்று எழுதித் தருகிறேன், மறுபடி வேலை கொடுப்பீர்களா என்று எழுதியிருந்தேன்.

அவர் படித்துவிட்டு, கத்திப் பேசினால் எனக்குக் கேட்கும் என்று நினைத்தவர் மாதிரிக் கத்தினார். "எம்மா, மாசம் அம்பது பேரு வர்றான், அம்பது பேரு போறான். எவன்னு ஞாபகம் வெச்சிக்கினு இருக்கறது? ஊருக்குப் பூட்டிருப்பான்."

ஊர் எது என்று எழுதிக் காட்டினேன்.

"பீகாரோ ஒடிசாவோ. யாருக்குத் தெரியும்."

அந்த வாட்ச்மேன் பேரைக்கூட நான் கேட்டுவைத்திருக்கவில்லை. அரை வருஷமாகத் தினமும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்திருக்கிறோம். ரிஜிஸ்டரைப் பார்க்கச் சொல்லலாம் என்றால் எந்தப் பேரைப் பார்க்கச் சொல்வது? நோட்டை வாங்கிக்கொண்டு இறங்கிவிட்டேன்.

அன்றைக்கு என் வீட்டுக்காரர் பகல் ஷிப்டு முடித்து வந்து சாப்பிட உட்கார்ந்தபோது சொல்லிவிட்டேன். எழுதிக் காட்டவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து அவர் காதில் சொன்னேன். இரண்டு மணிக்கு வந்தது, ரேஷன் அரிசி, வாட்ச்மேனோடு வைத்திருந்த ஐந்து மணி ஏற்பாடு, நான் ஊதிய நீள விசில், பையில் இருந்த நோட்டு. மூச்சு வாங்கி வாங்கிச் சொல்ல வேண்டியிருந்தது, அதனால் நேரம் ஆனது. அவர் சோற்றில் கையை வைத்தபடியே கேட்டார்.

"இத்த ஏன் இப்ப சொல்றே?" என்றார் முதலில்.

நான் தண்ணீர்ச் சொம்பை அவர் பக்கம் நகர்த்திவைத்தேன்.

"அவனுக்கு வேலதான் போச்சி. வேற எடத்துல சேந்திருப்பான். நம்மளுதுதான் உசுரு." ஒரு வாய் எடுத்தார். மென்றார். தண்ணீர் குடித்தார். தட்டைத் தள்ளிவைத்தார்.

"நீ பாக்கலியா?" என்றார்.

எதை என்று பார்த்தேன்.

"கேட்டாண்ட. ஜனம் இடிச்சிக்கினு இருந்திச்சே. மொத அடி நான்தான் அடிச்சேன்மே. நாய அப்டி பாத்ததும் எனுக்கு ஒண்ணும் தோணல. கண்ணுலயே வெச்சேன்."

வேனில் பார்த்த வீங்கிய கண் அவருடைய கை வேலை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அவர் எழுந்துபோய்க் கை கழுவினார். ரொம்ப நேரம் கழுவினார். நான் தட்டை எடுத்து, மிச்சச் சோற்றைக் கொட்ட வாசலுக்குப் போய், கொட்டாமல் அப்படியே கொண்டுவந்து வைத்துவிட்டேன். அவர் வந்து என் எதிரில் உட்கார்ந்தார். அன்றைக்கு இரண்டு பேரும் அதற்கப்புறம் ஒன்றும் சாப்பிடவில்லை.